தபால்தலையில் ஒரு டர்னரின் முகம்: ‘மை ஸ்டாம்ப்’ சேவையும் இன்லேண்ட் கடிதமும் பணியாளர் பாராட்டுக்கு எவ்வளவு பயன்படும்?

கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு பட்டறையில், நாற்பது பேருடைய சம்பளம், விடுப்பு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். ஆயுத பூஜை நெருங்கும்போதெல்லாம் எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களில் ஒரு பேச்சு எழும். பொரி, கடலை, இனிப்புப் பெட்டி ஆகியவற்றை எல்லோருக்கும் ஒன்றுபோலத் தந்துவிடுகிறோம். அதற்கு மேல், இன்னார் இன்ன வேலையை இவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதை நிர்வாகம் கவனித்தது என்று அவருக்குத் தெரிவிக்க என்ன வழி, அதையும் பட்டறையின் கணக்கு தாங்கும் செலவில் எப்படிச் செய்வது என்பதுதான் அந்தப் பேச்சு. நாம் கொடுக்கும் படத்தைத் தபால்தலையோடு சேர்த்து அச்சிட்டுத் தரும், அஞ்சல் துறையின் ‘மை ஸ்டாம்ப்’ சேவையையும், அதன் பக்கத்திலேயே வைத்து எண்ணத்தக்க இன்லேண்ட் கடிதத்தையும் இந்த நோக்கத்துக்காக நாங்கள் பயன்படுத்தினோம். அவை எந்த அளவுக்கு உதவின, எங்கே போதவில்லை என்பதை, இதே பொறுப்பில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தொழிலாளிக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பது பாராட்டுக் கணக்கில் வராது. 8.33 சதவீதம் என்ற குறைந்தபட்ச போனஸ், ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி, மாதப் பிறப்பில் தவறாத சம்பளம் ஆகிய மூன்றும் அவருடைய உரிமை. கடைகளில் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். அந்த ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு அதையே பரிசளிப்பு போல மாலை போட்டுக் கொண்டாடினால், அதை வாங்குபவருக்கு மனம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சம்பளம் பாக்கி இருக்கும் இடத்தில் எந்தப் பாராட்டும் எடுபடாது. கீழே சொல்வதெல்லாம், கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த நிறுவனங்களுக்குத்தான்.

இனி ‘மை ஸ்டாம்ப்’. தலைமை அஞ்சலகங்களில், தபால்தலை சேகரிப்பவர்களுக்காக இயங்கும் பிரிவில் இந்தச் சேவை கிடைக்கிறது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, புகைப்படத்தையும் அடையாளச் சான்றின் நகலையும் கொடுத்து, 300 ரூபாய் கட்டினால், 5 ரூபாய் மதிப்புள்ள 12 தபால்தலைகள் கொண்ட ஒரு தாள் நமக்குக் கிடைக்கும். ஒவ்வொரு தபால்தலையோடும் ஒட்டியிருக்கும் வெற்றுப் பகுதியில் நாம் கொடுத்த படம் அச்சாகியிருக்கும். தபால்தலையின் படம் அஞ்சல் துறை ஏற்கெனவே வெளியிட்டதாக இருக்கும். நம்முடைய படம் அதன் பக்கத்தில் இருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் தபால்தலை முழுவதையும் தங்கள் படமே நிறைத்திருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதல் பார்வையில் சிறு ஏமாற்றம் ஏற்படக்கூடும். ஒருவரின் முகம் மட்டுமல்லாமல், நிறுவனத்தின் சின்னத்தையோ கட்டடத்தின் படத்தையோ கூட அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் பாராட்டுக்காகச் செய்யும்போது கம்பெனியின் சின்னத்தை அச்சிடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து. அது விளம்பரம் ஆகிவிடும். வாங்குபவரின் முகம் இருந்தால்தான் அது அவருடையது ஆகும்.

இந்தச் சிறு காகிதத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்பவர்களுக்கு, நம் நாட்டில் தபால்தலைக்கு இருக்கும் மரபை நினைவூட்ட விரும்புகிறேன். உயிரோடு இருக்கும்போதே இந்தியத் தபால்தலையில் இடம்பெற்றவர்கள் மிகச் சிலரே. 1958-இல் தம் நூறாவது வயதில், பெண் கல்விக்காக உழைத்த தோண்டோ கேசவ் கார்வேயும், 1960-இல் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவும், 1980-இல் அன்னை தெரசாவும், 2013-இல் சச்சின் டெண்டுல்கரும் அந்தச் சிலரில் அடங்குவார்கள். ‘மை ஸ்டாம்ப்’ அந்த வகைச் சிறப்பு வெளியீடு ஆகாது என்பதும், பணம் கட்டும் எவரும் பெறக்கூடிய சேவை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அரசாங்கத்தின் முத்திரை விழும் காகிதத்தில் தன் முகத்தைப் பார்ப்பது, வாழ்நாள் முழுவதும் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்ற ஒருவருக்கு என்னவாக இருக்கும் என்பதை நான் நேரில் பார்த்தேன்.

எங்கள் பட்டறையின் மூத்த டர்னர், அதாவது லேத்தில் கடைபவர், பணி ஓய்வு பெறவிருந்த ஆண்டு அது. சுழல்தண்டான ஷாஃப்டைக் கடையும்போது, மைக்ரோமீட்டரை வைத்துப் பார்ப்பதற்கு முன்பே, விழுகின்ற இரும்புச் சுருளின் நிறத்தையும் சத்தத்தையும் வைத்து அளவு தப்பப்போகிறதா என்று சொல்லிவிடக்கூடிய மனிதர் அவர். ஆயுத பூஜையன்று காலையில், துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்ட அவருடைய லேத்தின் பக்கத்திலேயே நிற்கவைத்து, எங்கள் முதலாளி அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தார். அவர் அதை ஓரங்களில் மட்டும் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தின் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், “ஏனுங்க, இதை ஒட்டுனா நெசமாலுமே தபால் போகுமுங்களா?” என்று கேட்டார். போகும் என்று சொன்னேன். சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய்த் தபால்தலை போதும் என்பதால், ஒவ்வொன்றும் ஒரு கடிதத்தைச் சுமந்துசெல்லும்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒன்றிரண்டைத் தமக்கென்று வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் துளை வரிசையில் கவனமாகப் பிரித்து, தம்மிடம் தொழில் பழகிய பையன்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார். அவர்களில் சிலர் இன்று வேறு பட்டறைகளில் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரம் ஓட்டுகிறார்கள், ஒருவர் சொந்தமாகவே லேத் போட்டிருக்கிறார். அவர்களுடைய பர்ஸில் அந்தத் தபால்தலை இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சேவையின் ஆகப் பெரிய சிறப்பாக நான் கருதுவது இதைத்தான். பரிசு பெற்றவர் அதைப் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடிகிறது. பெற்ற மரியாதையைத் தாமே இன்னொருவருக்கு வழங்கும் நிலையில் அவர் இருக்கிறார். ஷீல்டையோ சால்வையையோ பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுக்க முடியாது.

புகைப்படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். படம் அச்சாகும் இடம் மிகச் சிறியது. ஆகவே வேலை செய்யும் கோலத்தில், பின்னால் இயந்திரமும் ஆட்களுமாக எடுத்த படம் இதற்குப் பொருந்தாது, முகம் புள்ளியாகிவிடும். வெளிர்நிறச் சுவரின் முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில், தோளுக்கு மேல் மட்டும் தெரியும்படி எடுத்த படம் தெளிவாக வருகிறது. ஆதார் அட்டையில் இருக்கும் படத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் படத்தில் தன்னைப் பார்க்க யாரும் விரும்புவதில்லை. இன்ப அதிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக, சொல்லாமல் படம் எடுத்துக் கொடுப்பதும் சரியில்லை. ஒருவருடைய முகத்தை அச்சில் போடுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிட வேண்டும், பெண் பணியாளர்களிடம் கட்டாயம் கேட்டாக வேண்டும். மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் எங்கள் வைண்டிங் பிரிவில் ஓர் அக்கா, தம் படத்துக்குப் பதிலாகத் தம் மகளின் படத்தைப் போட முடியுமா என்று கேட்டார். அதுவும் அவருக்கான பாராட்டுதான் என்று ஏற்றுக்கொண்டோம்.

குறைகளும் உண்டு. 300 ரூபாயில் தபால் மதிப்பு 60 ரூபாய் மட்டுமே. மீதி அச்சுக்கான கட்டணம். ஒரே ஒருவருக்கு என்றால் இது பெரிய தொகையாகத் தெரியாது, ஆனால் நாற்பது பேருக்கும் கொடுக்க நினைத்தால் 12,000 ரூபாய் ஆகிவிடும், அப்போது இதைக் குறைந்த செலவு என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் கொடுத்தால் அதன் தனித்தன்மையும் போய்விடும் என்பது இன்னொரு காரணம். பணி ஓய்வு, இருபது ஆண்டு நிறைவு, விபத்தைத் தடுத்த ஒரு செயல் என்று எப்போதாவது வரும் தருணங்களுக்கு மட்டும் இதை ஒதுக்கிவைப்பது சிறந்தது. மேலும், எல்லா அஞ்சலகங்களிலும் இது கிடைக்காது. சிற்றூர்களில் இருக்கும் நிறுவனங்கள் யாராவது ஒருவரை மாவட்டத் தலைநகருக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் ஏதாவது செய்ய வேண்டுமென்றால், அதே அஞ்சலகத்தின் அடுத்த கவுண்டரில் கிடைக்கும் நீல நிற இன்லேண்ட் கடிதத்தைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். விலை 2.50 ரூபாய். நாற்பது பேருக்கும் எழுதினாலும் மொத்தச் செலவு 100 ரூபாயைத் தாண்டாது. ஒரு மாலை நேரத்துக்குப் பட்டறை முழுவதற்கும் டீ வாங்கினால் அதைவிடக் கூடுதலாக ஆகும். இதில் உண்மையான செலவு நேரம்தான். ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக யோசித்து, அவருடைய வேலையில் குறிப்பிட்டுச் சொல்லும்படி என்ன இருந்தது என்று சூப்பர்வைசரிடம் கேட்டு, கையால் எழுத வேண்டும்.

என்ன எழுதுவது என்பதில்தான் இதன் வெற்றி இருக்கிறது. “தங்கள் கடின உழைப்புக்கும் அர்ப்பணிப்புக்கும் நன்றி” என்று எழுதினால், அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்; ஆகவே யாருக்கும் பொருந்தாது. நான் முன்பு சொன்ன அந்த வைண்டிங் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கோடைப் பருவத்தில் விற்ற மோட்டார்களில் அவர் ‘காயில்’ (கம்பிச் சுருள்) கட்டியவை ஒன்றுகூடச் சுருள் எரிந்து வாரண்டியில் திரும்பி வரவில்லை என்பதையும், மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் ஸ்லாட்டுக்குள் கம்பியைச் செருகும்போது அதன் மேலுறை உரசாமல் இருக்க அவர் விரலால் தாங்கிக்கொடுக்கும் முறையைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் கற்றுத்தருமாறு கேட்டுக்கொள்வதையும் எழுதியிருந்தோம். அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: “விரல்ல தாங்கறத யாரு பாத்தீங்க?” சூப்பர்வைசர்தான் பார்த்திருந்தார். பார்த்ததை அக்காவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அதுவரை அவருக்குத் தோன்றவில்லை.

கடிதத்தைப் பட்டறையில் கையில் கொடுக்காமல், வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று வலியுறுத்துவேன். வீட்டில் இருப்பவர்களுக்கு, அவர் வேலைக்குப் போகிறார் வருகிறார் என்பது தெரியும். அங்கே என்ன செய்கிறார், அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பது பெரும்பாலும் தெரியாது. கோவைப் பட்டறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால், அவர்களுடைய ஊர் முகவரிக்கு, அவர்களுடைய மொழியிலேயே எழுதி அனுப்பினோம். மொழி தெரிந்த சக தொழிலாளியைக் கொண்டே எழுதவைத்தோம், முதலாளி தம் கையெழுத்தைத் தமிழில் போட்டார். ஊரில் அம்மா அந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் படிக்கச்சொல்லிக் கேட்டதாக ஹெல்பர் பையன் ஒருவன் வந்து சொன்னபோது, இதை ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கம்பெனியிலிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்தால், அது மெமோவாகவோ வேலைநீக்க நோட்டீஸாகவோ இருக்கும் என்றுதான் தொழிலாளர் குடும்பங்கள் நினைக்கின்றன. அந்த அச்சத்துக்குக் காரணம் நிர்வாகங்கள்தாம். நல்ல செய்தியைத் தபாலில் அனுப்பும் பழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் கம்பெனியின் பெயர் அச்சிட்ட பழுப்புக் கவரையும் முகவரி அச்சிட்ட ஸ்டிக்கரையும் தவிர்த்து, கையால் முகவரி எழுதிய இன்லேண்ட் கடிதமாகவே அனுப்புங்கள். அனுப்பும் நாளில், கடிதம் வரும் என்று சம்பந்தப்பட்டவரிடம் வாய்மொழியாகச் சொல்லியும் வைத்துவிடுங்கள். 50 பைசா அஞ்சலட்டையையும் முயன்று பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது பாராட்டைப் பொறுத்தவரை நன்மையே, ஆனால் நான்கு வரிக்கு மேல் எழுத அதில் இடம் போதாது. இன்லேண்ட் கடிதத்துக்குள் வேறு எதையும் வைத்து ஒட்டக் கூடாது என்பது அஞ்சல் விதி. ஆகவே கூப்பனோ ரூபாய் நோட்டோ உள்ளே வைக்கும் எண்ணம் வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நாங்கள் வேறு என்னென்ன செய்துபார்த்தோம் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்ரிலிக் ஷீல்டுகள் ஒன்று ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆனது. இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் அதை எங்கே வைப்பார்கள் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பெரும்பாலும் பீரோவுக்கு மேல் போய்ச் சேர்ந்தன. படம் அச்சிட்ட பீங்கான் கப்புகளை ஒரு கடையில் சொல்லிச் செய்தபோது, சிலருடைய பெயரில் எழுத்துப் பிழையோடு வந்தன. பெயரைத் தப்பாகப் போட்ட பரிசைவிடப் பரிசே தராமல் இருப்பது மேல். ‘இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி’ என்று படத்தைச் சுவரில் மாட்டும் பழக்கத்தையும் விட்டுவிட்டோம். ஒருவருக்கு மகிழ்ச்சியையும் மற்ற அனைவருக்கும் வருத்தத்தையும் மாதந்தோறும் தரும் ஏற்பாடு அது.

பொருளாகவே கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, கோ-ஆப்டெக்ஸ் கடைகளைப் பரிந்துரைப்பேன். 1935-இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அது. சென்னிமலைப் போர்வையும் கைத்தறித் துண்டும் எந்த வீட்டிலும் பயன்படும், துவைக்கத் துவைக்க மென்மையாகும், தீபாவளிக் காலத் தள்ளுபடியில் வாங்கினால் விலையும் கட்டுப்படியாகும். ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே விற்கும் சில சேலைகளில், அதை நெய்த நெசவாளரின் பெயரும் புகைப்படமும் போட்ட சிறு அட்டையை இணைத்திருப்பார்கள். பணி ஓய்வு பெற்ற வார்ப்புக்கான மணல் உள்ளச்சு செய்யும் எங்கள் கோர் பிரிவு அம்மா ஒருவருக்கு அத்தகைய சேலையைக் கொடுத்தபோது, அவர் சேலையை விரிப்பதற்கு முன்பு அந்த அட்டையைத்தான் எடுத்து நெடுநேரம் பார்த்தார். அச்சுமணலில் கோர் பிடித்தே காலம் கழித்தவர் அவர். அவர் செய்த எதிலும் அவருடைய பெயர் இருந்ததில்லை. அதைப் பார்த்த பிறகு, எங்கள் பம்ப்செட்டின் பெட்டிக்குள் வைக்கும் சோதனைச் சீட்டில், காயில் கட்டியவர், கடைந்தவர், சோதித்தவர் ஆகியோரின் பெயர்களையும் எழுதலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். சீட்டு ஏற்கெனவே அச்சடிப்பதுதான் என்பதால் கூடுதலாக ஒரு பைசாவும் செலவில்லை. விருப்பமுள்ளவர்களின் பெயர்களை மட்டும் போடுவது என்று முடிவுசெய்து, இப்போது அதைச் செய்துவருகிறோம்.

‘மை ஸ்டாம்ப்’ சேவைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், கொடுக்கவிருக்கும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பே தலைமை அஞ்சலகத்துக்குப் போய், எந்தெந்தத் தபால்தலை வடிவங்கள் கையிருப்பில் இருக்கின்றன என்று கேட்டுக்கொள்வது நல்லது. இருப்பதைப் பார்த்து, பெறுபவருக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். தாளை மடிக்காமல், தடிமனான அட்டையில் வைத்துப் பிளாஸ்டிக் உறையிட்டுக் கொடுங்கள். ஆனால் லேமினேஷன் செய்துவிடாதீர்கள், ஏனென்றால் பிறகு அதைப் பிரித்து ஒட்ட முடியாது. தாளோடு கூடவே நான்கைந்து வெற்று உறைகளையும் வைத்துக் கொடுத்தால், வாங்கியவர் வீட்டுக்குப் போன அன்றே யாருக்காவது கடிதம் எழுதுவார்.